மலையேறாத யாத்திரை

டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் நான் வேலை செய்த பின்னல் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து புது இயந்திரங்கள் வாங்குவதென்று முடிவாயிற்று. பழைய இயந்திரத்துக்கு எண்ணெயும் காதும் இருந்தால் போதும், சத்தத்தை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடலாம். புதியவற்றுக்குள் கணினி இருக்கிறதாம். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அங்கே நின்று பழகிவர இரண்டு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஒருவர் பெண்ட், மீசைக்கார டேனிஷ்காரர், எனக்குப் பக்கத்து வரிசை மெக்கானிக். மற்றது நான். பெண்ட்டுக்குப் போக விருப்பமே இல்லை. எனக்கு விருப்பம் இருந்தது, மனந்தான் இல்லை.

மனமில்லாததற்குக் காரணம் வீட்டுக்கதை. என் மனைவி புவனாவும் மகள் துளசியும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். துளசி வயிற்றில் இருக்கும்போது புறப்பட்டு வந்தவன் நான். பிள்ளையைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். அவர்களை டென்மார்க்குக்குக் கூப்பிட விண்ணப்பித்து வருடங்கள் ஓடிவிட்டன. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் மனைவி பிள்ளைகளுடைய விண்ணப்பங்களை டேனிஷ் அதிகாரிகள் தொடாமலே வைத்திருந்தார்கள். பின்னாளில் அது ‘தமிழர் வழக்கு’ என்று நாடறிந்த வழக்காகி, ஒரு அரசாங்கமே அதில் விழுந்தது. அப்போது எங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? தபால்காரனைக் கண்டால் கும்பிடாத குறையாக நின்றோம். அந்த வசந்தத்தில்தான் ஏதோ அசையத் தொடங்கி, இக்காஸ்ட்டில் ஒருவர் இருவருடைய குடும்பத்துக்கு அனுமதி வந்துகொண்டிருந்தது. இப்படியான நேரத்தில் வீட்டுச் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு உலகத்தின் மறு அந்தத்துக்கு யார் போவான்?

குணம் அண்ணைதான் போகச் சொன்னார். என் மாடிக்குக் கீழ்மாடியில் மனைவி கமலா அக்காவோடு இருந்தவர். எனக்குச் சொந்தமில்லை, ஆனால் இக்காஸ்ட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் வீட்டுச் சோற்றில்தான் என் ஞாயிற்றுக்கிழமை. நான் இங்கேயே குந்திக்கொண்டிருந்தால் அனுமதி கெதியாக வந்துவிடுமா என்று கேட்டார். வந்தால் ஜப்பானுக்குத் தொலைபேசி எடுக்கிறேன் என்று சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். போய்ச் சேர்ந்தேன்.

விமான நிலையத்தில் பெண்ட் ஒரு நிமிடத்தில் வெளியே போய்விட்டார். என்னுடையது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலநிறப் பயணப் பத்திரம். அதிகாரி அதை முன்னும் பின்னும் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், உள்ளே கொண்டுபோய் இன்னொருவருக்குக் காட்டினார். டென்மார்க்கிலிருந்து வருகிறாய், டேனிஷ்காரன் இல்லை, இலங்கையில் பிறந்தாய், இலங்கைக் கடவுச்சீட்டு இல்லை, அப்படியென்றால் நீ யார் என்று மரியாதையாகக் கேட்டார். நான் பின்னல் இயந்திர மெக்கானிக் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது போல. முத்திரையைக் குத்தினார். பெட்டிக்குள் இருந்த கமலா அக்காவின் கறித்தூளைத்தான் சுங்கத்தில் நெடுநேரம் மணந்து பார்த்தார்கள். மணந்தவர் தும்மிவிட்டு, கும்பிடுவதுபோலக் குனிந்து அதைத் திருப்பித் தந்தார்.

இயந்திரம் செய்கிற தொழிற்சாலை இருந்த வாக்கயாமா, கடலோரப் பட்டினம். தொழிற்சாலையின் விடுதியில் எங்களுக்குப் பாய் அறை. எனக்குப் பாய் புதிதா? விரித்ததும் தூங்கிப்போனேன். பெண்ட் இரவு முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு, மனிதன் கட்டிலைக் கண்டுபிடித்து எத்தனை காலம், இவர்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று என்னோடு கோபித்துக்கொண்டார்.

சாப்பாட்டிலும் அதே கதைதான். காலையிலேயே சோறு, பச்சை முட்டை, ஒரு துண்டு மீன், கடற்பாசி. சோற்றைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம், வாயில் வைத்ததும் துக்கம். உப்பில்லை, உறைப்பில்லை, களிபோல ஒட்டுகிறது. கறித்தூளைக் கொஞ்சம் தூவினேன். எதிரே இருந்த சமையற்காரி அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். மறுநாள் அவரே கையை நீட்டிக் கேட்டு வாங்கித் தன் சூப்பில் போட்டுக் குடித்தார். கண்ணில் நீர் வடிய, நன்றாயிருக்கிறதென்று தலையை ஆட்டினார். பெண்ட் டென்மார்க்கிலிருந்து கறுப்புப் பாண் ரொட்டியும் ஈரல் பசை அடைத்த தகர டப்பாக்களும் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். இரண்டாம் கிழமையில் பாணில் பூஞ்சணம் பூத்துவிட்டது. சுரண்டிவிட்டுச் சாப்பிட்டார். என்ன இருந்தாலும் நம்மூர்ப் பாண் என்றார்.

எங்களுக்குப் பழக்கியவர் நக்காத்தா. ஆங்கிலம் தெரிந்தவர், சின்ன உருவம், பெரிய கண்ணாடி. இயந்திரத்துக்குள் தலையை விடுவதற்கு முன்னால் அதற்கு ஒருதரம் குனிவார். அவர் முதலில் பழக்கியது பழுது பார்க்க அல்ல, கூட்டவும் துடைக்கவும். இரண்டு நாள் எங்களைக் கொண்டு ஊசிகளைத் துடைப்பித்தார். பெண்ட், இதற்கா இவ்வளவு தூரம் பறந்து வந்தோம் என்று முணுமுணுத்தார். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் துடைத்த கைக்கு எந்த ஊசி எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

இரண்டாம் கிழமை நடுவில் விடுதிக் காவலாளி வந்து தொலைபேசிக்குக் கூப்பிட்டார். குணம் அண்ணை. 

“தம்பி, வந்திட்டுது. ரெண்டு பேருக்கும் வந்திட்டுது.”

என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. காவலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன், அது மட்டும் தெரியும். மறுநாள் பயிற்சி அறையில் நக்காத்தா விஷயத்தை அறிவித்தபோது எல்லோரும் எழுந்து எனக்குக் குனிந்தார்கள். பெண்ட் என் முதுகில் ஒரு அறை போட்டார், மதியம் வரை வலித்தது.

ஆனால் அந்தத் தொலைபேசியிலேயே ஒரு முடிவும் எடுக்க வேண்டியிருந்தது. புவனா யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் கொழும்புக்கு வந்து, அங்கே விசாக் குத்துவித்து விமானம் ஏற வேண்டும். கொழும்பில் கடை வைத்திருக்கிற மச்சான், அதாவது புவனாவின் தமையன், உடனே போய்க் கூட்டிவரத் தயாராக நின்றார். இந்திய இராணுவம் போய்விட்டது, சண்டை ஓய்ந்திருக்கிறது, ரயில் ஓடுகிறது, இருக்கிறபோதே வெளிக்கிட்டுவிட வேண்டும் என்று அவர் குணம் அண்ணைக்குச் சொல்லியிருந்தார். குணம் அண்ணையும் தானும் கமலா அக்காவுமாகக் கோப்பன்ஹேகன் விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவருவதாகச் சொன்னார். நான் திரும்பி வரும்வரை ஊரிலேயே நிற்கட்டும் என்று மறுத்துவிட்டேன். எனக்கு இன்னும் ஒரு மாத வேலை மிச்சம் இருந்தது. இத்தனை வருடம் பொறுத்தவள் ஒரு மாதம் பொறுக்க மாட்டாளா? நான் திரும்பி வந்து, நானே போய்ப் பெண்டாட்டி பிள்ளையை இறக்க வேண்டும். கலியாணம் முடித்தவன் நான். ஊரிலே புதுப்பெண்ணை வாசலில் கைபிடித்து ஏற்றாமல், பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பி ஏற்றுகிறவன் இருக்கிறானா? சனம் என்ன கதைக்கும்? அவர்கள் வந்து இறங்குகிற காட்சியை நான் எத்தனை தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன், அதில் குணம் அண்ணை எங்கேயுமே இல்லை. அவர், உன் விருப்பம் என்று வைத்துவிட்டார். புவனாவும், அவர் சொன்னால் சரி, அவர் வரட்டும் என்று சொல்லிவிட்டதாகப் பிறகு அறிந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நக்காத்தா எங்களைக் கோயா மலைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். ஜப்பானியருக்குப் பெரிய புண்ணிய மலை. காட்டுக்குள்ளே கோயில்களாம், பெரியபெரிய மரங்களாம். உனக்கு நல்ல செய்தி வந்திருக்கிறது, போய் நன்றி சொல்ல வேண்டாமா என்றார். எனக்கும் சரியென்று பட்டது. எங்கள் ஊர்ச் சாமி நல்லூரானுக்கு வைத்த நேர்த்திக்கடனுக்கு இப்போதைக்குக் கோயா மலை. பெண்ட், தான் கோயிலுக்குப் போவது நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முதல்நாள் மட்டுந்தான், அதுவும் மனைவியின் கரைச்சலுக்காக என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, பாண் பொட்டலத்தோடு வந்தார்.

ஜப்பானியர் ரயிலில் தூங்குவது ஒரு வித்தை. ஏறி இருந்ததும் தலை சரியும். இறங்கவேண்டிய இடத்தில், யாரோ தோளைத் தட்டியதுபோல விழித்து, நேரே கதவால் இறங்கிப் போவார்கள். இதைப் பார்த்துப் பார்த்து வியந்திருந்த நாங்கள், நக்காத்தா தூங்கத் தொடங்கியதும் கவலையற்றுத் தூங்கிவிட்டோம். இறங்கவேண்டியது ஹஷிமோட்டோ என்ற நிலையம். அங்கே மாறித்தான் மலைக்குப் போகிற ரயிலைப் பிடிக்க வேண்டும். நான் விழித்தபோது ஹஷிமோட்டோ போய் அடுத்த ஊரும் போய்க்கொண்டிருந்தது. நக்காத்தாவுக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி முடியாது. எங்களிடம் மன்னிப்புக் கேட்டார், இறங்கிய இடத்து நிலைய அதிகாரியிடம் கேட்டார், பெண்ட் தடுத்திராவிட்டால் உட்காருகிற வாங்கிலுக்கும் குனிந்திருப்பார். எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்து ஹஷிமோட்டோவுக்கு வந்து சேர்ந்தபோது மலை ரயில் போய்விட்டிருந்தது. அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும்.

எங்கள் இக்காஸ்ட் நிலையத்தை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இரண்டு மூன்று மேடை, மேலே ஒரு பாலம், ஓடைபோலத் தண்டவாளம், பின்னால் மலைக்கு மேல் மலை. செர்ரிப் பூக்கள் உதிர்ந்து சரளைக்கல் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. இக்காஸ்ட்டில் காலை ரயிலால் இறங்குகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு தொழிற்சாலைக்குப் போவார்கள். இங்கே இறங்கியவர்கள் எல்லாருமே மலையை நிமிர்ந்து பார்த்தார்கள்.

மேடையின் ஒரு மூலையில் ஒரு கூட்டம். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கையில் தடி, தடியில் சின்ன மணி. எனக்குத் திக்கென்றது. வெள்ளை உடுத்துக்கொண்டு கூட்டமாக மௌனமாக நின்றால் வேறென்ன? செத்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று முடிவு கட்டி, பெண்ட்டிடம் தொப்பியைக் கழற்றச் சொல்லிவிட்டு, நானும் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். எங்களைக் கண்டு அவர்களும் பதிலுக்குக் குனிந்தார்கள். நாங்கள் மறுபடியும் குனிந்தோம். இது கொஞ்ச நேரம் நடந்தது. நக்காத்தா வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு, இவர்கள் யாத்திரீகர்கள், ஒருவரும் சாகவில்லை என்றார். ஆனால் நீ நினைத்ததிலும் பிழையில்லை, வழியில் செத்தால் அப்படியே புதைக்கலாம் என்றுதான் அந்த உடுப்பு என்றும் சொன்னார். பெண்ட் தொப்பியைப் போடுவதா விடுவதா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

அவர்களுக்குப் பக்கத்து வாங்கிலில் இடம் கிடைத்தது. எனக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வெயிலில் காய்ந்த முகம், தோட்டக்காரக் கைகள். மடியில் பொட்டலத்தை அவிழ்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையில் சுற்றிய சின்னச்சின்னச் சோற்றுக் கட்டி, மேலே வினாகிரிக் காடியில் ஊறிய மீன் துண்டு. அந்த மணம் பெண்ட்டின் மூக்கில் ஏறியதும் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். டென்மார்க்கிலே வினாகிரி மீன் என்றால் உயிரை விடுவார்கள். இரண்டு கிழமையாகக் காய்ந்து கிடந்த பெண்ட் கண்ணை எடுக்காமல் பார்த்ததைக் கண்டு அந்தப் பெண் ஒன்றை நீட்டினார். விழுங்கினார். இன்னொன்று. அதையும் விழுங்கினார். மூன்றாவதில் நக்காத்தா மெல்ல இருமி, யாத்திரை போகிறவர்களுக்கு நாம்தான் கொடுக்க வேண்டும், அவர்களிடம் வாங்கிச் சாப்பிடுவது வழக்கமில்லை என்று காதில் சொன்னார். பெண்ட்டின் கழுத்து வரை சிவந்துவிட்டது. பையைத் துழாவி, தன் கறுப்புப் பாணையும் ஈரல் பசைத் தகரத்தையும் இரு கையாலும் எடுத்துக் கொடுத்தார். யாத்திரீகர்கள் தங்களுக்குக் கொடுத்ததை மறுக்கக்கூடாதாம். அந்த அம்மா பாணை நெற்றியில் ஒற்றி, பைக்குள் வைத்தார். பூஞ்சணம் சுரண்டிய பக்கம் மேலே இருந்தது. நான் மலையைப் பார்த்துக்கொண்டேன்.

பைக்குள் சின்னச்சின்னத் துணி முடிச்சுகள் நிறைய இருந்தன. என்ன என்று கேட்டேன். நக்காத்தா கேட்டுச் சொன்னார். கூட்டத்தில் ஒவ்வொருவரும் வேறுவேறு ஊராம். அந்த அம்மாவுடையது கடற்கரைப் பக்கம் ஒரு மலைச்சரிவு ஊர், எல்லாரும் தோடந்தோட்டக்காரர், ஆரஞ்சுப்பழம் விளைவிப்பவர்கள். ஊருக்கென்று ஒரு யாத்திரைச் சங்கம். எல்லாரும் போக வசதிப்படாது, அதனால் வருடத்துக்கு ஒருவரைத் திருவுளச்சீட்டுப் போட்டுத் தெரிந்தெடுப்பார்கள். அவர் முழு ஊருக்காகவும் போய்வருவார். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு வீட்டு அரிசி. மலையில் எல்லா வீட்டுப் பேரையும் சொல்லிக் கும்பிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் மந்திரம் எழுதிய ஒரு தாளைப் பிரசாதமாகக் கொண்டு திரும்பவேண்டும். இந்த வருடம் சீட்டு இந்த அம்மாவுக்கு விழுந்திருக்கிறது. கலியாணம் முடித்து அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சங்கத்தில் இருக்கிறாராம், இதுதான் முதல்தரமாம்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. சாமியைக் காண்பதற்கு இன்னொருவரை அனுப்புவதா? எங்கள் ஊரில் காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்தவன்தான் முதுகைக் கொடுக்க வேண்டும். வீட்டில் இருக்கிறவர்களுக்கு மனவருத்தம் இராதா, தாங்கள் காணவில்லையே என்று, கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். நக்காத்தா கேட்டார். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு சொன்னதை நக்காத்தா ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தார்.

“எனக்காக இத்தனை வருடமும் யாராவது போய்வந்தார்கள். நான் போனதாகத்தான் நினைத்தேன். போகவில்லை என்று நினைத்ததே இல்லை. எல்லாருக்கும் வசதிப்படட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவரும் போக முடியாது. ரயில் இருக்கிறபோது யாரால் முடியுமோ அவர் போகவேண்டியதுதான்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு இலையை மடித்துப் பைக்குள் வைத்தார்.  மச்சான் சொன்னதும் இதுதானே? குணம் அண்ணை கேட்டதும் இதுதானே? பெண்டாட்டி பிள்ளை வந்து சேர வேண்டும் என்பதா எனக்கு முக்கியம், விமான நிலையத்தில் நான் நிற்க வேண்டும் என்பதா? மடையன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், தமிழில்தான், ஒருவருக்கும் விளங்கவில்லை.

உடனே டென்மார்க்குக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும் என்றேன். நக்காத்தா மணிக்கூட்டைப் பார்த்தார். மலை ரயில் வரப்போகிறது, வாக்கயாமாவுக்குத் திரும்பியதும் எடுக்கலாமே என்றார். இல்லை, இப்போதே என்றேன். ஏன் அவ்வளவு அவசரம் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. சாயங்காலம் வரை விட்டால் மனம் மாறிவிடுமோ என்ற பயந்தான் பெரிதாக இருந்தது. என்னை எனக்குத் தெரியும்.

பெண்ட்டுக்கு விஷயத்தை டேனிஷில் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டு கேட்டிருந்துவிட்டு, “சரி, நீ தொலைபேசிக்குப் போ. மலைக்கு உனக்காக நான் போகிறேன்” என்றார்.

நத்தாருக்கு மட்டும் கோயிலுக்குப் போகிற மனுஷன். மொழியும் தெரியாது.  நக்காத்தா இதை அந்த அம்மாவுக்குச் சொன்னதும் அவர் என் மனைவி பேரையும் மகள் பேரையும் கேட்டார். புவனா, துளசி என்று மூன்று நான்கு தரம் சொல்லிக்கொடுத்தேன். அவர் திருப்பிச் சொல்லிப் பழகினார், பெண்ட்டும் கூடச் சேர்ந்து பழகினார். ஊரில் இத்தனை வீட்டுக்காகப் போகிறேன், இன்னும் ஒரு வீடு கூடினால் பாரமா என்றாராம். ரயில் வந்தது. வெள்ளை உடுப்புக்காரர்களுக்கு நடுவில் ஒரு தலை உயரமாகப் பெண்ட் ஏறினார். அந்த அம்மாவின் பை அவர் தோளில் இருந்தது.

நிலையத்துக்கு வெளியே இருந்த பொதுத் தொலைபேசியில் நக்காத்தா இணைப்பகத்துப் பெண்ணோடு நெடுநேரம் மன்றாடினார். காசைக் குணம் அண்ணை கட்டுவதென்று பேசி இணைப்பு எடுத்துத் தந்தார். டென்மார்க்கில் அப்போது ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. குணம் அண்ணை தொண்டை கட்டிய குரலில் ஆர் என்றார்.

“நான்தான் அண்ணை. புவனாவையும் பிள்ளையையும் உடன வெளிக்கிடச் சொல்லி மச்சானுக்கு டெலிபோன் அடியுங்கோ. நீங்களும் அக்காவும் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

மறுமுனையில் அவர் எழுந்து உட்காருகிற சத்தம் கேட்டது. 

“நீ வந்துதான் போவன் எண்டெல்லோ நிண்டனி?”

“ஓம். இப்ப சொல்லுறன், எனக்குப் பதிலா நீங்கள் போங்கோ. அலுமாரிக்குள்ள சின்னச் சிவப்புக் கோட் ஒண்டு இருக்கு. அதைக் கொண்டுபோங்கோ, பிள்ளைக்குக் குளிரும்.”

“சரியடா தம்பி. போறம்” என்றார். பிறகு, நான் வைக்கப் போகையில், சாப்பிட்டாயோ என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நக்காத்தா முதுகைக் காட்டிக்கொண்டு ரயில் அட்டவணையை வாசிப்பதுபோல நின்றார்.

மாலை வரை அந்த நிலையத்திலேயே இருந்தோம். நக்காத்தா கடையில் இலைச்சோறு வாங்கிவந்தார். வினாகிரிப் புளிப்பு முதலில் முகத்தைச் சுளிக்க வைத்தது, இரண்டாவதில் பிடித்துவிட்டது. மலைக்குப் போகிறவர்களும் மலையிலிருந்து வருகிறவர்களுமாக மேடை நிறைவதும் வெறுமையாவதுமாக இருந்தது. நக்காத்தா தன் கதையைச் சொன்னார். அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வடக்கே தாய்வீட்டில், அவர் வேலைக்காக இங்கே, வருடத்தில் இரண்டு தரம் காண்கிறாராம். அனுமதிச் சிக்கல் ஒன்றும் இல்லாமலே அப்படியா என்று நான் கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார்.

பெண்ட் கடைசிக்கு முந்திய ரயிலில் வந்தார். சப்பாத்தெல்லாம் சேறு. எப்படி இருந்தது என்றேன். மரங்கள் மிகப் பெரிது என்றார். யாத்திரீகர்கள் குனிந்த இடத்திலெல்லாம் தானும் குனிந்ததாகவும், மணி அடிக்கச் சொன்ன இடத்தில் அடித்ததாகவும், அந்த அம்மா புவனா துளசி என்று சத்தமாகச் சொன்னபோது தானும் சொன்னதாகவும் ஒப்புவித்தார். சரியாய்ச் செய்தேனோ தெரியாது என்று கவலையாகச் சொன்னார். சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள் என்றேன். அதன் பிறகு ரயிலில் மூவரும் தூங்கவே இல்லை.

மிச்சக் கிழமைகள் ஊசியும் கணினியுமாக ஓடின. மச்சான் அடுத்த ரயிலிலேயே யாழ்ப்பாணம் போய் இருவரையும் கொழும்புக்குக் கூட்டிவந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பிறகு விசாவும் கிடைத்தது. கடைசிக் கிழமையில் குணம் அண்ணை, “இஞ்ச நிக்கினம்” என்று சொல்லிப் புவனாவிடம் கொடுத்தார். அவள், இஞ்ச சரியான குளிர், நீங்கள் எப்ப வாறீங்கள் என்று கேட்டாள். அவ்வளவுதான் கதைத்தாள், பிறகு இருவரும் மூச்சு விடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

திரும்பும்போது கோப்பன்ஹேகனிலிருந்து ரயில், ரயிலையே ஏற்றிச் செல்கிற கப்பல், மறுபடியும் ரயில். கப்பலில் பெண்ட் கறுப்புப் பாணும் வினாகிரி மீனும் வாங்கி வைத்துக்கொண்டு, ஜப்பானில் சாப்பிட்டது இதைவிட நல்லது என்று குறை சொன்னார். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. இக்காஸ்ட் நெருங்க நெருங்க எழுந்துபோய்க் கதவடியில் நின்றேன்.

மேடையில் நாலு பேர் நின்றார்கள். குணம் அண்ணை, கமலா அக்கா, புவனா. குணம் அண்ணையின் விரலைப் பிடித்துக்கொண்டு சிவப்புக் கோட்டுக்குள் ஒரு பிள்ளை. கோட் பெருத்துப்போய்க் கைவிரல்கூடத் தெரியவில்லை. எத்தனையோ தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சியில் நான் மேடையில் நிற்பேன், அவர்கள் இறங்குவார்கள். இங்கே நான் இறங்குகிறேன், அவர்கள் நிற்கிறார்கள். புவனா மெலிந்திருந்தாள். என் பெட்டியை வாங்கப் பார்த்தாள், நான் விடவில்லை, இருவரும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றோம்.

நான் குனிந்து துளசியைக் கூப்பிட்டேன். அவள் குணம் அண்ணையின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “அப்பா, இது ஆர்?” என்று அவரிடம் கேட்டாள். விமான நிலையத்தில் வந்து தூக்கியவர் அவர்தானே. குணம் அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். கமலா அக்கா அவசரமாக, பிள்ளை, இவர்தான் அப்பா என்று திருத்தினார். எனக்கு நெஞ்சில் குத்தியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நாட்களுக்கு நான் ‘மாமா’வாகத்தான் இருந்தேன். வேலை முடிந்து வந்து அவளுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டு ஏரிப்பக்கம் கூட்டிப்போவேன். பேசாமல் வருவாள். ஒருநாள் ஒரு வாத்தைக் காட்டி, அப்பா, அங்கை பாருங்கோ என்றாள். நான் வாத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் வந்தது. ஒரு பின்னேரம் குணம் அண்ணை வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வானொலியில் தமிழ்ச் செய்தி. ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் போகவில்லை, பாதை அடைபட்டுவிட்டது என்றார்கள். இன்றைக்கோ நாளைக்கோ திறந்துவிடும் என்று நினைத்தோம். அந்த ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் போக இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது.

புவனா சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தாள். துளசி என் மடியில் இருந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் வரட்டும் எண்டுதான் நானும் சொன்னனான்” என்றாள் புவனா. “என்ர அண்ணை வந்து கூப்பிட்ட அண்டைக்கும் சொன்னனான்.”

 குணம் அண்ணை எழுந்துபோய் வானொலியை நிறுத்திவிட்டு வந்து, துளசியின் தட்டில் இன்னொரு அப்பளத்தை வைத்தார். நான் துளசியை இறக்கிவிட்டு எழுந்து அவருடைய காலைத் தொட்டேன். அவர் கூச்சப்பட்டு, விசரா, இருந்து சாப்பிடு என்று ஏசினார்.